ஜூலை மாத டைமிங்கை வைத்து மாநிலப் போட்டியைக் கணிப்பது எப்படி?

பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டமான குறுவட்டப் போட்டி முடிந்த சாயங்காலமே பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னா டீச்சர், பாப்பா ஸ்டேட்டுக்குப் போய்டுமா?"

நான் குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். என் பிள்ளைகளின் வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள், லுங்கி நெய்கிறார்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறார்கள். மகளை வேலூருக்கோ சென்னைக்கோ போட்டிக்குக் கூட்டிப் போனால் அன்றைய கூலி போச்சு. அப்படிப்பட்டவர்களிடம் "பார்க்கலாம்மா" என்று மழுப்புவது எனக்குப் பிடிக்காது. ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். அதற்கு சீசன் தொடக்கத்தில் வரும் நேரத்தையும் தூரத்தையும் எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த பி.டி. ஆசிரியர்களுக்கும், பிள்ளை ஓடுவதை ஆசையாகப் பார்க்கும் பெற்றோருக்கும் நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது: அடுத்த கட்டத்துக்குப் போவது இடத்தை வைத்தா, அளவை வைத்தா?

பள்ளிக் கல்வித்துறை போட்டிகளில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறுவதற்கு முந்தி வந்தவர் யார் என்பதுதான் கணக்கு. நேரம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. 100 மீட்டரை 13 நொடியில் ஓடி இடம் கிடைக்காமல் திரும்பும் பிள்ளையும் உண்டு, 14 நொடியில் ஓடி மாவட்டத்துக்குப் போகும் பிள்ளையும் உண்டு. ஆகவே இந்தக் கட்டத்தில் உங்கள் பிள்ளையின் டைமிங் பாதி விஷயம். மீதிப் பாதி, அதே மாவட்டத்தில் வேறு யார் ஓடுகிறார்கள் என்பது. பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு, கே.வி. குப்பம் பக்கத்து முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். மற்ற பள்ளி பி.டி. சார்களுக்கு ஒரு போன் போட்டால் போதும், சொல்லிவிடுவார்கள். நான் லாங் சைஸ் நோட்டில் ஒரு போட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், பள்ளி, வகுப்பு, நேரம், எந்த மைதானம் என்று எழுதி வைக்கிறேன்.

இங்கே பழைய ஆட்கள் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்து 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019ல் வேலூரே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. முன்பெல்லாம் அரக்கோணத்துப் பெண்ணும் வாணியம்பாடிப் பெண்ணும் குடியாத்தத்துப் பெண்ணும் ஒரே ஃபைனலில் நின்றார்கள். இப்போது மூவருக்கும் தனித்தனி மாவட்டம். மாவட்டத்தில் ஜெயிப்பது முன்னைவிடச் சுலபம். ஆனால் மாநிலத்தில் 38 மாவட்டத்துப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். பழைய வேலூர் மாவட்டத் தங்கமும் இப்போதைய வேலூர் மாவட்டத் தங்கமும் ஒரே எடை இல்லை. பெற்றோரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மேலே போகப் போக அளவு முக்கியமாகிறது. உலக சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி அளவு என்று ஒன்று வைத்து, அதைத் தொட்டவர்கள் ஒரு பாதி, உலகத் தரவரிசையில் முன்னால் இருப்பவர்கள் ஒரு பாதி என்ற நோக்கில் ஆட்களை எடுக்கிறார்கள். 2025 டோக்கியோ போட்டிக்கு ஆண்கள் 400 மீட்டர் தகுதி அளவு 44.85 நொடி. அந்த ஆகஸ்டில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நம் தமிழ்நாட்டுப் பையன் விஷால் 45.12 ஓடி தேசிய சாதனையையே முறியடித்தார். அப்படியும் தகுதி அளவுக்கு 0.27 நொடி பாக்கி. ஜெயித்ததும் சாதனை படைத்ததும் ஒரு கணக்கு, தகுதி இன்னொரு கணக்கு. தரவரிசையில் பெரும்பாலான போட்டிகளுக்கு ஐந்து நல்ல முடிவுகளின் சராசரியை எடுத்து, எவ்வளவு பெரிய மீட்டில் எத்தனையாவது வந்தார் என்பதற்கும் புள்ளி சேர்க்கிறார்கள். ஒரே ஒரு நல்ல நாள் இருந்தால் அங்கே போதாது.

கையில் பிடித்த நேரம்

எல்லாத் தப்புக் கணக்கும் ஸ்டாப்வாட்சில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளி மைதானத்தில் 100 மீட்டருக்குத் தொடக்கக் கோட்டில் ஒருவர் விசில் ஊதுவார், அல்லது கிளாப்பர் அடிப்பார். முடிவுக் கோட்டில் நிற்பவர் சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்குவார். சத்தம் 100 மீட்டர் வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகிறது. அதாவது பிள்ளை ஓடத் தொடங்கி 0.3 நொடி கழித்துத்தான் வாட்ச் ஓடத் தொடங்குகிறது. கண்ணால் பார்த்து அமுக்க வேண்டும். துப்பாக்கியாக இருந்தால் புகையைப் பார்த்து, கிளாப்பராக இருந்தால் இரண்டு பலகை சேர்வதைப் பார்த்து. விசில் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஊதுபவரைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லுங்கள். ஊதும் அதே நேரத்தில் கையைக் கீழே இறக்கட்டும். கையைப் பார்த்து அமுக்குங்கள்.

முடிவில் மார்புதான் கணக்கு. தலை, கை, கால் கோட்டைத் தாண்டினால் பொருட்டில்லை. கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரில் நின்று பிடிக்கும் நேரம் எதற்கும் உதவாது.

அடுத்து, கையில் பிடித்த நேரத்தை மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். வாட்சில் 13.11 என்று இருந்தால் அது 13.1 ஆகாது, 13.2. மூன்று வாட்ச் இருந்து மூன்றும் வேறுவேறு காட்டினால் நடுவில் உள்ளதை எடுங்கள். இரண்டு ஒன்றாக இருந்தால் அதை. இரண்டு வாட்ச் மட்டும் இருந்து அவை ஒத்துப்போகாவிட்டால், அதிக நேரம் காட்டுவதை.

இதற்கு அப்புறம் ஒரு கூட்டல் இருக்கிறது. மாநில அளவிலும் அதற்கு மேலும் ஃபோட்டோ ஃபினிஷ் கருவி இருக்கும். அது தொடக்க சத்தத்தோடு தானே இணைந்து ஓடுவதால் மனிதக் கையின் தாமதம் அதில் இல்லை. கைநேரத்தை அதோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 நொடியும், 400 மீட்டருக்கு 0.14 நொடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். மேலே சொன்ன 13.11 இப்போது 13.44 ஆகிவிட்டது. விசில் சத்தம் கேட்டுப் பிடித்ததாக இருந்தால் இன்னும் 0.3 சேர்த்து, 13.7 பக்கம் வந்து நிற்கும். "13.1 ஓடுது எங்க பாப்பா" என்று சென்னைக்கு வண்டி ஏறி, அங்கே போர்டில் 13.7 என்று பார்த்தால் பிள்ளை உடைந்துபோகும். அவளுடைய ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. ஜூலையிலேயே நாம் சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் அந்த வருத்தமே வந்திருக்காது.

தலைகீழாகவும் நடக்கும். பல பள்ளிகளில் 100 மீட்டர் முடிகிற இடத்திலிருந்து நாலைந்து மீட்டரில் காம்பவுண்டு சுவர். பிள்ளைகள் பயத்தில் 90 மீட்டரிலேயே பிரேக் போடுவார்கள். அப்படிப்பட்ட மைதானத்தில் வந்த நேரத்தைப் பார்த்து யாரையும் தள்ளிவிடாதீர்கள். நேதாஜி மைதானம் மாதிரி பெரிய இடத்தில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் ஓடித் தணிய இடம் கொடுத்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள், அவளே வேறு ஆளாகத் தெரிவாள்.

தூரத்தையும் ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 400 மீட்டருக்கு லேன் வாரியாக முன்தள்ளி நிறுத்தும்போது, 1.22 மீட்டர் அகல லேனில் இரண்டாவது லேன் 7.04 மீட்டர் முன்னால் வர வேண்டும். உங்கள் மைதானத்தில் லேன் அகலம் குறைவாக இருந்தால் அந்த அளவும் குறையும். கண்ணளவில் சுண்ணாம்பு போட்டால் ஒரு லேன்காரர் சில மீட்டர் குறைவாக ஓடி ஜெயித்திருப்பார். அந்த முடிவை நோட்டில் ஏற்றிப் பயனில்லை.

ஆடிக் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் அந்தக் காற்றுக் காலத்தில்தான் நடக்கின்றன. 100, 200 மீட்டர், 100 மற்றும் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் இவற்றுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்குள் இருந்தால்தான் சாதனைக்கு ஏற்பார்கள். இந்த 2 மீட்டர் காற்றே 100 மீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி கொடுத்துவிடும். பள்ளி மீட்டில் காற்றுமானி யாரிடமும் இல்லை. நான் செய்வது இதுதான்: காற்று மேற்கிலிருந்து வரும் மாதங்களில் 100 மீட்டர் எந்தத் திசையில் ஓடவிட்டார்கள் என்று எழுதி வைப்பேன். மேற்கிலிருந்து கிழக்காக ஓடியிருந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு 'கா' போடுவேன். கொடிக் கம்பத்துக் கொடி விறைத்து நின்றதா, சும்மா அசைந்ததா என்றும் குறிப்பேன்.

காற்று எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2022 ஏப்ரலில் கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் தூத்துக்குடி மாவட்டம் முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். கேரளத்து ஸ்ரீசங்கர் 8.36, இரண்டாவது. ஆனால் தேசிய சாதனை ஸ்ரீசங்கருக்குத்தான் போனது. ஜெஸ்வினின் தாண்டலுக்குக் காற்று வரம்புக்கு மேல் இருந்தது. இடத்துக்கு அந்தத் தாண்டல் செல்லும், சாதனைக்குச் செல்லாது.

நீளம் தாண்டும் குழியையும் பாருங்கள். மணல், தாண்டும் பலகையின் மட்டத்துக்கே இருக்க வேண்டும். சில இடங்களில் மணல் இறங்கி அரை அடிப் பள்ளமாகக் கிடக்கும், அங்கே எல்லோருக்குமே கூடுதல் தூரம் வரும். அளப்பதும் தாண்டும் கோட்டிலிருந்து அளக்க வேண்டும், கால் பட்ட இடத்திலிருந்து அல்ல.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 800, 1500, 3000 மீட்டர் ஓட்டத்துக்கு நேரத்தோடு மணியையும் எழுதுங்கள். காலை 7 மணிக்கு ஓடியதும் மதியம் 1 மணிக்கு ஓடியதும் ஒப்பிடக் கூடாதவை. மதியம் கடைசி சுற்றில் தளர்ந்த பெண்ணை "ஸ்டாமினா இல்ல" என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் கணக்கில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முழுஆண்டுத் தேர்வு, விடுமுறை, திருவிழா எல்லாம் சேர்ந்து கோடையில் பயிற்சி விட்டுப்போகும். ஜூன் நடுவில்தான் பிள்ளைகள் மறுபடி கவுண்டன்ய ஆற்று மணலில் ஓட ஆரம்பிப்பார்கள். ஆகவே ஜூலையில் வரும் நேரம் ஒரு மாதப் பயிற்சியின் நேரம்தான். கோடை முழுக்க விடுதியில் பயிற்சி செய்த பிள்ளையின் ஜூலை நேரம் அப்படி அல்ல. இரண்டு பேரும் இன்று சமமாக ஓடினால், மேலே ஏற அதிக இடம் இருப்பது ஆற்று மணலில் ஓடிய பிள்ளைக்குத்தான். அனுபவத்தில் சொல்கிறேன், இதை நம்பி நான் பல பெற்றோரிடம் தைரியமாகப் பேசியிருக்கிறேன்.

ஒரே ஒரு நல்ல தாண்டலா, வரிசையா?

முடிவுப் பட்டியலில் ஒரு எண்தான் இருக்கும். எனக்கு முழு வரிசையும் வேண்டும். இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெண்ணின் வரிசை: 4.81, ஃபவுல், ஃபவுல். இரண்டாம் பெண்: 4.58, 4.62, 4.60. பேப்பரில் முதல் பெண் 19 சென்டிமீட்டர் முந்தி. மாவட்டத்தில் மூன்று முயற்சிக்குப் பின் முதல் எட்டுப் பேருக்குத்தான் அடுத்த மூன்று முயற்சி. மூன்றும் ஃபவுலானால் பெயரே இருக்காது. இரண்டாம் பெண் எட்டுக்குள் வருவாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதல் பெண்ணுக்கு மெடல் வாய்ப்பும் உண்டு, வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பும் உண்டு.

அப்படியானால் முதல் பெண்ணுக்கு என்ன செய்வது? ஃபவுல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பயிற்சியில் ஃபவுல் தாண்டலையும் அளந்து எழுதுங்கள். கால் நுனியிலிருந்து மணல் வரை 4.80 இருந்து, கோட்டை இரண்டு விரல்கடை தாண்டியிருந்தால் அது நல்ல செய்தி, ஓட்டத் தொடக்கக் குறியை ஒரு பாதம் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும். பின்காற்று அடிக்கும் நாளில் காலடி நீண்டு குறி முன்னால் போகும் என்பதால், வார்ம்-அப்பில் இரண்டு முறை ஓடிப் பார்த்தே குறி வைக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் கால் வேறுவேறு இடத்தில் விழுந்தால் அது குறியின் பிரச்சனை இல்லை, ஓட்டத்தின் தாளமே நிலைக்கவில்லை. அதற்குச் சில வாரம் வேண்டும்.

சீசன் தொடக்கத்தில் வந்த உச்சம் போட்டி நாளில் திரும்ப வரும் என்று உலகத் தரத்திலேயே உறுதி கிடையாது. ஜெஸ்வின் 2023 மார்ச் 2ல் பெல்லாரி பக்கம் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை வைத்தார். ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில் 7.77, பதினோராவது இடம். 2025 மே மாதம் தோஹாவில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 90.23 மீட்டர் எறிந்தார், ஜெர்மனியின் வெபர் 91.06 எறிந்து அவரை முந்தினார். செப்டம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் வெபர் ஐந்தாவது, நீரஜ் 84.03ல் எட்டாவது. தங்கம் வாங்கிய வால்காட் எறிந்தது 88.16. இவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை, அவர்கள் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகள். உச்சத்தை வைத்துக் கணிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கணிப்புக்கு எடுப்பது மூன்றாவது நல்ல முடிவை. கடந்த சில போட்டிகளில் வந்ததை வரிசைப்படுத்தி, முதல் இரண்டை மூடிவிட்டு மூன்றாவதைப் பார்க்கிறேன். அந்த எண் மாவட்டத்தில் இடம் வாங்கித் தருமா? தரும் என்றால் பெற்றோரிடம் "லீவு போட்டு வைங்கம்மா" என்று சொல்லிவிடுவேன். முதல் எண் மட்டும்தான் தரும் என்றால் "முயற்சி பண்றோம், காசு செலவு பண்ணிப் புது ஸ்பைக்ஸ் இப்ப வாங்க வேணாம்" என்பேன்.

வயதுப் பிரிவும் கருவியும்

14 வயதுக்குட்பட்டோரில் தங்கம் வாங்கிய பெண் அடுத்த ஆண்டு 17 வயதுக்குட்பட்டோரில் போய் ஆறாவது வந்தால் பின்னடைவு என்று நினைக்க வேண்டாம். அவள் அந்தப் பிரிவிலேயே சின்னவள். பிரிவில் எத்தனையாவது ஆண்டு என்று நோட்டில் எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்கு உடம்பு மாறும் வயதில் ஓரிரு ஆண்டு நேரம் அப்படியே நிற்கும். அப்போது டைமிங்கைச் சொல்லித் துன்புறுத்தினால் ஓடுவதையே விட்டுவிடுவார்கள்.

எறியும் போட்டிகளில் கருவியின் எடையைக் கேட்காமல் தூரத்தைப் பேசவே கூடாது. ஆண்கள் குண்டு 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 கிலோ, 20 வயதுக்குட்பட்டோருக்கு 6, பெரியவர்களுக்கு 7.26. ஈட்டி 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 700 கிராம், அதற்கு மேல் 800. பெண்களுக்கு 500, அப்புறம் 600. எடை ஏறிய ஆண்டில் தூரம் குறைவது இயல்பு. வேலூர் பக்கம் எறியும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு, இங்கே பளுதூக்குதல் வேரோடிய விளையாட்டு. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். குண்டு, வட்டு எறியும் பிள்ளைகளைத் தூக்குமுறை சொல்லித்தரும் நல்ல பயிற்சியாளரிடம் வாரத்தில் சில நாள் அனுப்புங்கள்.

தொடர் ஓட்டத்துக்கு ஒரு கணக்கு போதும். நான்கு பேரின் 100 மீட்டர் நேரத்தைக் கூட்டுங்கள். 4x100 நேரம் அதைவிட இரண்டு நொடியாவது குறைந்திருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று பேர் ஓடிக்கொண்டே கட்டையை வாங்குகிறார்கள். குறையவில்லை என்றால் கட்டை மாற்றுவதில் நேரம் போகிறது. வேகத்தைக் கூட்டுவதைவிட இதைச் சரிசெய்வது சீக்கிரம் நடக்கும். மாவட்டத்தில் நிச்சயமாக இடம் வாங்க வேண்டும் என்றால் நான் முதலில் கை வைப்பது இங்கேதான்.

மாவட்டம் தாண்டிவிட்டால், மாநிலத்துக்கு முன் ஒருமுறையாவது சிந்தடிக் டிராக்கில் ஓடவிடுங்கள். மண்ணில் மட்டும் ஓடிய பிள்ளைக்கு முதல் நாள் சிந்தடிக்கில் நேரம் நன்றாக வரும், மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மாநிலத்தில் முதல் நாள் ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), மறுநாள் ஃபைனல் என்றால் அந்தப் பிடிப்பு ஃபைனலில்தான் தெரியும். போட்டிக்குப் பத்து நாள் முன்னால் அதைப் பழக்கிவிட வேண்டும்.

காகிதங்களையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எண் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தால் அதை மாற்றும் வேலையை ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். சரிபார்ப்பு மேசையில் அன்றைக்கு எதுவும் செய்ய முடியாது.